முந்நூற்றறுபத்தைந்தில் ஒரு படி

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சொல்லுவார்கள். லீப் வருஷத்தில் கூடுதலாக வந்து சேரும் அந்த ஒரு நாளுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை. சினம் தணிந்து குளிர்ந்து உட்கார்ந்த இடமல்லவா? சுவாமி அந்த ஒரு நாளைத் தள்ளுபடி செய்துவிட்டார் போலிருக்கிறது.

நம் கோயில் உற்சவங்களெல்லாம் திதியும் நட்சத்திரமும் பார்த்து நடப்பவை. இங்கிலீஷ் தேதி பார்த்து நடக்கும் உற்சவம் ஒன்று உண்டென்றால் அது இந்த மலையின் படித் திருவிழாதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜனவரி முதல் தேதி விடிந்தால் நம்மவர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைமார் பங்களா வாசலில் போய்க் காத்து நிற்பார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. துரைகளுக்கெல்லாம் துரையாக ஒருவன் மலைமேல் இருக்கிறானே, முதலில் அவனைப் பார்த்துவிட்டுப் போங்களேன் என்று 1917-ஆம் வருஷம் இந்த விழாவை ஆரம்பித்து வைத்தார். டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறினார்கள். சண்டை போடாமல், கோஷம் எழுப்பாமல், துரையின் வாசலில் நின்ற கூட்டத்தைக் கோயில் வாசலுக்குத் திருப்பிவிட்ட சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

ஜனவரி முதல் தேதியை அடிப்படி என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி 248-ஆவது படியில் வரும். மலை ஏறுகிறவர்கள் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிற உயரம் அது. நாமும் அங்கேயே நின்று பார்ப்போம். இந்தப் படியில் நிற்பவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் போகப் போகத் தெரியும்.

ஊர்க்காரர் யாரென்று பள்ளிக்கூடத்துக் குழந்தை கூடச் சொல்லிவிடும். வீராசாமிக்கும் சீதம்மாவுக்கும் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தெலுங்கு பேசும் குடும்பம்; தகப்பனாருக்கு ஜமீனில் சொற்ப உத்தியோகம். திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் படித்துவிட்டுப் பையன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தான். என்ன பாடம் எடுத்துக்கொள்வது? உறவுக்காரர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். ஆகவே தத்துவம் எடுத்துக்கொண்டான்! அந்த உறவுக்காரர் ரசாயனம் படித்திருந்தால் பாரத தேசத்துக்கு ஒரு தத்துவ ஜனாதிபதி கிடைத்திருப்பாரா என்பதை நேயர்களின் யோசனைக்கு விட்டுவிடுகிறேன்.

அவர் பிறந்தபோது ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா பிறந்ததும் அதோடு சேர்ந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூரோடு ஆந்திரத்துக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானமும், தமிழாசிரியர் மங்கலங்கிழாரும், அவர்களோடு சேர்ந்த எத்தனையோ பேரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் வந்து விசாரித்தார். 1959-ல் சட்டம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஜில்லா பிறந்ததும் ஓர் ஏப்ரல் முதல் தேதிதான். ஊரைத் தூக்கி இடம் மாற்றுவதற்கு சர்க்கார் தேர்ந்தெடுக்கிற நாளைப் பாருங்கள்! ராதாகிருஷ்ணன் உபராஷ்டிரபதியாக இருந்த காலத்தில் அவர் சொந்த ஊர் ஆந்திரத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. அவர் ராஷ்டிரபதியான 1962-ல் அது தமிழ்நாட்டு ஊர்.

எல்லையைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை. 1977 செப்டம்பர் 5-ஆம் தேதி அமெரிக்கர்கள் வாயேஜர் ஒன்று என்ற விண்கலத்தை ஏவினார்கள். சூரியக் காற்று வீசும் மண்டலத்தின் எல்லையையே தாண்டிப் போய்விட்ட அந்தக் கலத்தில் ஒரு தங்க இசைத்தட்டு இருக்கிறது. வேற்றுலகவாசிகள் யாராவது கேட்க நேர்ந்தால் புரியட்டும் என்று 55 மொழிகளில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை. படாஸ்கரின் விசாரணை அவ்வளவு தூரம் எட்டவில்லை!

படியில் இன்னும் சிலர் நிற்கிறார்கள். 1638 செப்டம்பர் 5-ஆம் தேதி பிரான்ஸில் ஒரு ராஜகுமாரன் பிறந்தான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. கடவுள் கொடுத்தவன் என்று பெயரோடு சேர்த்து அழைத்தார்கள். நாலு வயதில் பட்டத்துக்கு வந்து எழுபத்திரண்டு வருஷம் ஆண்ட பதினான்காம் லூயி அவன்தான். நமக்கு அவனிடம் என்ன காரியம்? அவன் காலத்தில்தான் பிரெஞ்சுக் கம்பெனி புறப்பட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1774-ல் இதே தேதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைப் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய சமாசாரம் பிரசித்தம். அதற்காக இங்கிலாந்து போட்ட தண்டனைச் சட்டங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவே கூடினார்கள். சீமைச் சாமான்களை வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்புறம் 1905-ஆம் வருஷம், அதே செப்டம்பர் 5. ருஷ்யாவும் ஜப்பானும் அமெரிக்காவில் போர்ட்ஸ்மத் என்ற இடத்தில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் கப்பற்படையை ஆசியாக்காரர்கள் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற செய்தி கீழ்நாடெங்கும் தந்தி போல் ஓடிற்று. வங்காளத்தில் சுதேசி இயக்கம் மூண்டெழுந்த சமயமும் அதுவே.

உடன்படிக்கை கையெழுத்தான அன்று தூத்துக்குடியில் ஒரு வக்கீலுக்கு முப்பத்து மூன்று வயது நிறைந்தது. 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. நான் சொன்ன இரண்டாவது காரணம் இவர்தான்.

சீமைச் சாமான் வேண்டாம் என்று சொல்லக் கூட்டம் போட்டால் போதும். சீமைக் கப்பல் வேண்டாம் என்றால் கப்பல் அல்லவா வேண்டும்? 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரியோ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள், மேலும் குறைத்தார்கள், சும்மா ஏறிக்கொண்டு போ, குடையும் தருகிறோம் என்கிற அளவுக்குப் போனார்கள் என்பது இன்றும் தெற்கே சொல்லப்படுகிற கதை. குடை வாங்கிக்கொண்டு போனவர்களும் நம்மவர்கள்தான் என்பதைக் கதை சொல்கிறவர்கள் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

1908-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

மார்ச்சில் வ. உ. சி. கைதானார். ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒன்று முடிந்த பின் மற்றொன்று. ஆக நாற்பது வருஷம்! மேல்முறையீடு சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. அந்த ஹைகோர்ட்டுக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில், கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது. அது தாம்பரத்துக்குப் போனது பிற்பாடு, 1937-ல். கல்லூரியில் எம். ஏ. பரீட்சைக்கு ஓர் இருபது வயது மாணவர், வேதாந்தத்தில் அறவியல் உண்டு என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். உலகம் மாயை என்கிற ஹிந்துவுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று பாதிரிமார் கேட்ட கேள்விக்கு, பாதிரிமார் கல்லூரியிலேயே உட்கார்ந்து, அவர்கள் பாஷையிலேயே சொன்ன பதில் அது. அந்தக் கட்டுரை 1908-ல் புத்தகமாகவும் வந்தது. ராதாகிருஷ்ணனின் முதல் புத்தகம்.

ஒரே தேதியில் பிறந்த இருவர் ஒரே வருஷத்தில் வெள்ளைக்காரருக்குப் பதில் சொன்னார்கள். கட்டுரை எழுதியவரைப் பேராசிரியர் ஹாக் பாராட்டினார். கப்பல் விட்டவருக்குக் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு கிடைத்தது. மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தபடிதான் அந்த வருஷத்துச் செப்டம்பர் 5 அவருக்கு வந்திருக்கும். வியாபாரத்தில் கை வைத்தால் வலிக்கிற அளவுக்குத் தத்துவத்தில் கை வைத்தால் சாம்ராஜ்யத்துக்கு வலிப்பதில்லை. இதற்காக ராதாகிருஷ்ணனைக் குறை சொல்வது நியாயமல்ல. இருபது வயதில் பாதிரிமாருக்குப் பதில் எழுத நெஞ்சுரம் வேண்டும். ஆனால் இரண்டு பதில்களுக்கும் வெள்ளைக்காரன் போட்ட விலையை நாம் அறிந்திருக்க வேண்டும். அவ்வருஷமே பாரதியார் போலீஸ் கையில் அகப்படாமல் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார். லூயி மன்னன் காலத்துக் கம்பெனி பிடித்த ஊர், செப்டம்பர் 5-இல் பிறந்த இன்னொருவரின் நண்பருக்கு அடைக்கலம் தந்தது!

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வ. உ. சி. வெளியே வந்தார். கம்பெனி கலைந்து கப்பல்கள் விலைபோய்விட்டிருந்தன. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து மளிகை வியாபாரமும் மண்ணெண்ணெய் வியாபாரமும் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணத்துக்காகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதவேண்டியிருந்தது. 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில் அதே சென்னையில் ராதாகிருஷ்ணன் ராஜதானிக் கல்லூரியில் தத்துவம் போதித்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயம் பலர் கவனிக்காதது. சிறையில் இருந்தபோது வ. உ. சி.யும் அறநூல்தான் எழுதினார். 'மெய்யறம்' என்று பெயர். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பிற்காலத்தில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைத் தேடிப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். செக்கிழுத்த கைக்கு ஏட்டுச்சுவடி புரட்டவும் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர்களில் நல்லவரையும் அவர் மறக்கவில்லை. சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற நீதிபதியின் ஞாபகமாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். பின்ஹேயிடம் அவ்வளவு பட்டவர் செய்த காரியம் இது.

1931-ல் ராதாகிருஷ்ணனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1936-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கீழ்நாட்டு மதங்களுக்கும் அறவியலுக்கும் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்த 1936-ஆம் வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் வ. உ. சி. காலமானார். காங்கிரஸ் காரியாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி, அங்கே உயிரை விட்டார்.

அவரை மறதியிலிருந்து மீட்டவர்களில் முக்கியமானவர் ம. பொ. சி. கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரை ஜனங்களின் நாக்கில் ஏற்றியவர் அவர்தான். 1961-ல் பந்துலு எடுத்த படத்துக்கும் அவர் எழுதிய சரித்திரமே ஆதாரம். திருத்தணிக்காகப் போராடியவரும் தூத்துக்குடிக்காரரின் புகழுக்காகப் போராடியவரும் ஒரே ஆள்!

படம் வந்த மறுவருஷம் ராதாகிருஷ்ணன் ராஷ்டிரபதியானார். பிறந்த நாள் கொண்டாட வேண்டும் என்று மாணவர்களும் நண்பர்களும் கேட்டார்கள். எனக்காக வேண்டாம், ஆசிரியர்களுக்காகக் கொண்டாடுங்கள் என்றார். அதுமுதல் தேசம் முழுவதற்கும் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பெருந்தன்மையான காரியந்தான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ராதாகிருஷ்ணனின் குமாரர் கோபால் பெரிய சரித்திர ஆசிரியர். தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் நம்பினார் என்று குறிப்பிட்டிருக்கிறார். அப்படியானால் நாம் பதினைந்து படி மேலே ஏறி 263-ஆவது படிக்குப் போக வேண்டும்! இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று உபாத்தியாயர் ஒரு தேதி எழுதுவார். அதுவே பிறந்த தேதி. ராதாகிருஷ்ணனுக்கும் இப்படித்தான் நேர்ந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. நேர்ந்திருக்குமானால், ஆசிரியர் தினத்தின் தேதியே ஓர் உபாத்தியாயர் கொடுத்ததாக இருக்கும்.

1972 செப்டம்பர் 5-ஆம் தேதி வ. உ. சி. பிறந்து நூறு வருஷம் நிறைந்தது. அன்று சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடங்களில் அன்றைக்கு ஆசிரியர் தினம். அந்தத் தினத்துக்குக் காரணமானவர் மயிலாப்பூரில் 'கிரிஜா' என்ற தம் வீட்டில் இருந்தார். கணக்குப்படி அன்று அவருக்கு எண்பத்து நாலு வயது நிறைந்தது.