ஈய எழுத்தும் திருச்சபையின் இசைவும்

1521இல் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள் கிறிஸ்துவின் எளிமையையும் போப்பின் ஆடம்பரத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தின. எழுத்தறியாதவருக்கும் புரியும் படங்கள் அவை. கத்தோலிக்கத் திருச்சபை விழித்துக்கொண்டது. உரிய இசைவின்றிச் சமய நூல் அச்சிடக் கூடாது என்று அதன் திரெந்து சங்கம் 1546இல் விதித்தது. 1563இல் திருவுருவங்களுக்கும் நெறி வகுத்தது.

அந்தச் சூழலில்தான் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சேறியது. பதினாறே பக்கம். முத்துக்குளித்துறைப் பரதவரோடு வாழ்ந்து தமிழ் கற்ற இயேசு சபை அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் தந்த நூல் அது.

தமிழ்க் கரையில் தடைசெய்த நூல்களின் பட்டியலுக்கு அவசியமே எழவில்லை. தமிழ் அச்செழுத்து இருந்ததே இயேசு சபையாரிடம் மட்டும்தான். எஃகில் எழுத்தை வெட்டி, செம்பில் அடித்துக் குழிவாக்கி, அதில் ஈயக் கலவையை ஊற்றி ஒவ்வொன்றாக வார்ப்பது அக்கால முறை. புள்ளியில்லாத மெய்யெழுத்துகளோடு, ஏட்டில் எழுதியது போலவே அந்த எழுத்துகள் அச்சில் விழுந்தன.

எழுத்தை வைத்திருந்தவரே எதை அச்சிடுவதென்றும் தீர்மானித்தார். 1580இல் வந்த 'கொம்பெசியனாயரு' பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். ஒரு மீனவர் தன் மனத்தை எப்படித் துருவிப் பார்க்க வேண்டும் என்பதையும் அச்சுப் பக்கம் வகுத்தது. ஆனாலும், அவர் பேசிய தமிழுக்கு இடம் கொடுத்ததும் அதே அச்சுதான். இதைச் சிறு கொடையென்று தள்ளிவிட முடியாது.

அதிகாரத்தின் கடுமையான முகம் 1599இல் உதயம்பேரூரில் வெளிப்பட்டது. பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம் மலபார்க் கிறிஸ்தவர்களின் சிரியாக் ஏடுகளில் சிலவற்றைத் திருத்தவும் சிலவற்றை எரிக்கவும் ஆணையிட்டது. ஏடு தீயில் போவதை எந்தப் பக்தியாலும் நியாயப்படுத்த முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தலைமையில் லூத்தரன் மிஷன் 1713இல் தமிழ் அச்சைத் தொடங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டை முழுமையாக வெளியிட்டது. கத்தோலிக்கரான வீரமாமுனிவரிடம் அச்சகம் இல்லை. அவர் லூத்தரன்களை மறுத்து 1728இல் எழுதிய 'வேத விளக்கம்' கையெழுத்துப் படிகளாகவே பரவியது. ஐரோப்பாவில் அச்சைக் கண்காணித்த சபை, இங்கே ஓலையையும் எழுத்தாணியையும் நம்பிப் போராடியது.

அந்த வாதம் சூடாறாத நாளிலேயே, முனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது. அச்சிட்டது தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம்.