விக்டர்ஸும் எல்லையோரத் தமிழும்

"டவுன்ஹால் மீட்டிங்" என்றால் வெளிநாட்டில் கணினியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் நம்மாட்களுக்கு உடனே புரியும். பெரியவர் ஓர் அறையில் பேசுவார், ஆபீஸ் மொத்தமும் அவரவர் திரையில் பார்க்கும். கேமரா, மைக், விளக்கு எல்லாம் கம்பெனி ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் பத்து நிமிடம் கேள்வி நேரம் (யாரும் கேட்க மாட்டோம், அது வேறு கதை). ஏதோ கார்ப்பரேட் சமாச்சாரம் என்று நாம் நினைப்பதை கேரளக் கல்வித்துறை 2005-லேயே தன் ஆசிரியர்களுக்காகச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பாலக்காடு, இடுக்கி எல்லையில் இருக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வாங்கி வைத்துக்கொண்டு இஸ்ரோ ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. கேரளமும் தமிழ்நாடும் அந்த ஆறில் இல்லை. பார்க்கலாம், திருப்பிக் கேட்க முடியாது. 1990களில் வந்த பயிற்சி அலைவரிசையில் படம் ஒரு பக்கம்தான், ஆனால் குரல் இரு பக்கமும் போகும். அரசு ஊழியர்களுக்கும் பஞ்சாயத்துக்காரர்களுக்கும் உட்கார்ந்த இடத்திலேயே பயிற்சி! பிறகு 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே 1,950 கிலோ எடையில் எஜுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது.

அதை நம்பிப் பிறந்ததுதான் விக்டர்ஸ். 2005 ஜூலை 28 அன்று திருவனந்தபுரத்தில் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். நடத்தியது கல்வித்துறையின் சொந்த அமைப்பான ஐடி அட் ஸ்கூல் (2017-ல் இதுவே கைட் என்ற நிறுவனமானது). வீட்டில் பார்க்கும் சேனல் ஒரு பக்கம் என்றால், ஊடாடும் முறை இன்னொரு பக்கம். ஸ்டுடியோவில் ஒருவர் பேச, வெளியூர் மையத்தில் கூடியிருக்கும் ஆசிரியர்கள் எழுந்து சந்தேகம் கேட்கலாம். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி கூடவே ஆகும். பேசி முடித்தாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும் கூத்தெல்லாம் இந்தத் தாமதத்தால்தான். போதாததற்கு, எஜுசாட்டின் மண்டலக் கற்றைகள் கேயூ பேண்டைச் சேர்ந்தவை. பெருமழை அதை மங்கடித்துவிடும். இடுக்கி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையைவிடப் பெரிய சிக்கல் மொழி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. பாலக்காடு சென்னை மாகாணத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் மூணாறு, வண்டிப்பெரியாறு லயங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தொடங்கி வைத்தவர் ராமேஸ்வரத்துத் தமிழர், ஓடியது மலையாளம். எல்லையோர ஆசிரியருக்கு மலையாளம் புரியும், கேட்டதைத் தமிழாக்கி வகுப்பில் சொல்வது அவர் பாடு. அதனால் பல வருடம் யாருக்கும் இது குறையாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

2010 செப்டம்பரில் எஜுசாட் ஓய்வு பெற்றது, சேனல் வேறு செயற்கைக்கோளுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. 2020 ஜூன் 1 அன்று, கொரோனாவால் பூட்டிய பள்ளிகளுக்காக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஆரம்பித்தபோதுதான் குட்டு உடைந்தது. திரைக்கும் குழந்தைக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஆசிரியர் இல்லையே! தமிழ்வழிப் பாடங்களைத் தனியாகத் தயாரித்து கைட்டின் பாலக்காடு மாவட்ட மையத்து யூட்யூப் சேனலில் ஏற்றினார்கள். கன்னடத்துக்கு காசர்கோடு. தலைநகர ஸ்டுடியோவில் இல்லாத தமிழ், மாவட்ட மையத்தில் இருந்தது. எனக்கு விக்டர்ஸ் சரித்திரத்திலேயே பிடித்த இடம் இதுதான். செயற்கைக்கோளை விட்ட விழாவைவிட இதுவே பெரிய காரியம் என்பேன்.

ஆனால் யூட்யூப் பார்க்க சிக்னல் வேண்டுமே. அதே 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் வெளியுலகுக்குச் சேதி எட்டவே மறுநாள் காலையாயிற்று. அந்த மாதிரி இடத்துப் பிள்ளைகளைத்தான் இணையத்தில் பாடம் பார்க்கச் சொல்லியிருந்தோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபர்ஸ்ட் பெல் பதிவு செய்த வகுப்பு. 2005-ல் ஆசிரியருக்குக் கிடைத்த திருப்பிக் கேட்கும் வசதி 2020-ல் மாணவருக்கு இல்லை. 2021-ல் தான் ஜிசூட் கொடுத்து, அந்தந்தப் பள்ளி ஆசிரியரே தன் வகுப்பை நேரலையில் எடுக்க வழி செய்தார்கள். சிக்னல் கிடைத்த வீடுகளில், கொழிஞ்சாம்பாறைப் பிள்ளை தன் சொந்த டீச்சரிடம், தமிழிலேயே, "டீச்சர், இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்க முடிந்தது.