சவலைக் குழந்தை: ஒரு சொல்லின் வரலாறு

இக்காட்சியை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லி அழுகிறது. தாய்க்கோ ஆறாம் மாதம். குனிந்து தூக்க இயலவில்லை. சோற்றை ஊட்டினால் குழந்தை துப்பிவிடுகிறது. சென்ற ஆண்டு என் வீட்டில் இதுவே நாள்தோறும் நடந்தது. என் மாமியார் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "அடுத்தது வரப்போகுதில்லே, இது சவலை பாயுது" என்றார். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் அதை மூடநம்பிக்கை என்று எண்ணிச் சிரித்தேன். சிரித்தது தவறு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அந்த வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

தாய் மீண்டும் கருவுற்றதால் தாய்ப்பாலை இழந்து மெலியும் குழந்தையையே நம் முன்னோர் சவலைப் பிள்ளை என்றனர். இந்த ஒரு சொல்லில் நோயும் இருக்கிறது. அதன் காரணமும் இருக்கிறது. இத்தகைய சொல் நம்மிடம் மட்டும்தான் உண்டா?

அக்ராவில் ஒரு மருத்துவர்

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாடு, முன்பு பிரிட்டிஷாரின் ஆட்சியில் கோல்டு கோஸ்ட் என்று வழங்கியது. 1929ஆம் ஆண்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் அங்குப் பணிக்குச் சென்றார். அவர் 1893இல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்றவர்.

அக்ரா நகரில் அவரிடம் வந்த குழந்தைகளுள் சிலர் அவரைத் திகைக்க வைத்தனர். ஒன்று முதல் நான்கு வயதுக்கு உட்பட்ட அக்குழந்தைகளுக்குக் கால்களும் கைகளும் வீங்கியிருந்தன. தலைமுடி நிறம் மாறியிருந்தது. தோல் கறுத்துத் திட்டுத் திட்டாக உரிந்தது. விளையாட்டில் நாட்டமின்றி எப்போதும் சிணுங்கிக்கொண்டிருந்தனர். பலர் இறந்தும் போயினர். அவர்களுக்குக் கிடைத்த உணவு பெரும்பாலும் மக்காச்சோளக் கூழே.

இந்நோயைப் பற்றி அவர் 1933இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். இது பெல்லாக்ரா என்னும் பழைய நோய்தான் என்று வேறு சிலர் மறுத்தனர். அவர் தளரவில்லை. 1935இல் 'லான்செட்' இதழில் மீண்டும் எழுதியபோது, அவ்வூர் மக்கள் பேசும் கா மொழியில் இந்நோய்க்கு வழங்கிய பெயரையே சூட்டினார்: குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை வரும்போது, இடம் பறிபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அவர் அப்பெயருக்குத் தந்த பொருள். நம் 'சவலை'யின் உடன்பிறப்பு அல்லவா இச்சொல்!

வீக்கம் எப்படி வருகிறது?

உணவு போதாத குழந்தை மெலிய வேண்டும், ஏன் வீங்குகிறது? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் இட்டால் உப்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செறிவு மிகுந்த பக்கம் நீரைத் தன்பால் ஈர்க்கிறது. இதுவே சவ்வூடு பரவல். நம் இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்னும் புரதம் இவ்வாறுதான் நீரைக் குழாய்களுக்குள் தக்கவைக்க உதவுகிறது. ஆல்புமின் குறைந்தால் நீர் கசிந்து திசுக்களில் தேங்கும் என்பதே நெடுங்காலம் கூறப்பட்டு வந்த விளக்கம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தேங்கிய நீருக்கும் எடை இருக்கிறது. தசைக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு தராசுக்குத் தெரியாது. நலிந்த குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகத் தாயும் நினைத்துவிடலாம். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் விரலால் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பின்னும் குழி மறையாமல் நின்றால் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

தமிழகத்திலிருந்து ஒரு திருத்தம்

புரதக் குறைவே இந்நோயின் காரணம் என்ற கருத்து 1950களில் உலகெங்கும் வேரூன்றியது. புரதம் செறிந்த சிறப்பு உணவுகள் தயாரிப்பதில் பெரும் முயற்சி செலவாயிற்று. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் இக்கருத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களுள் முதன்மையானவர். நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவர் அவர். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

சில குழந்தைகள் எலும்பும் தோலுமாக வற்றுகின்றன, சில வீங்குகின்றன. இரு வகையினரும் நோய்க்கு முன் உண்ட உணவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கோபாலன் 1968இல் எடுத்துக்காட்டினார். அவர்களுக்குப் புரதம் மட்டுமன்று, மொத்த உணவே போதவில்லை. அப்படியானால் வீக்கத்திற்கு வேறு காரணங்களும் இருக்க வேண்டும். மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்று 2013இல் காட்டினர். முழு விடை இன்னும் எட்டப்படவில்லை.

ஆனால் தாய்மார்கள் கண்ட உண்மை மாறவில்லை. கருவுற்ற தாய்க்குச் சில மாதங்களில் பால் சுரப்பது குறைகிறது. பாலை இழந்த குழந்தைக்கு ஈடான உணவு கிடைப்பதில்லை. அதே வயதில்தான் அது தரையில் நடந்து, கண்டதை வாயில் வைத்து, வயிற்றுப்போக்கிற்கு ஆளாகிறது. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டதற்கு இதுவே காரணம். பள்ளி செல்லும் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு கிடைக்கும். இடுப்பை விட்டு இறங்கிய குழந்தையைத்தான் எவரும் கவனிப்பதில்லை.

ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் பின் அடுத்துக் கருவுறக் குறைந்தது 24 மாதங்களேனும் காத்திருப்பது நல்லது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2005இல் பரிந்துரைத்தது. அதைப் படித்ததும் என் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினாறு மாதங்களே வந்தன. எண்களோடு பழகும் நான் இந்த எண்ணை முன்பே எண்ணிப் பார்க்கவில்லை.

என் மாமியாரோ பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. பேத்திக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, முட்டை, வாழைப்பழம் என்று சிறிது சிறிதாக நாளுக்கு ஐந்து முறை ஊட்டினார். மகளையும் விடாமல் உண்ண வைத்தார். இரவில் குழந்தையைத் தன் அருகிலேயே படுக்க வைத்துக்கொண்டார். இப்போது தம்பி பிறந்துவிட்டான். அவள் நன்றாக இருக்கிறாள்.

சிசிலி வில்லியம்ஸின் பெருமை ஒரு நோயைக் கண்டுபிடித்ததில் மட்டும் இல்லை. தாய்மார்கள் சொன்ன சொல்லை அவர் அலட்சியம் செய்யவில்லை, பொருள் கேட்டார். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பாட்டி 'சவலை' என்று சொன்னால், சிரிக்காதீர்கள். குழந்தை இன்று என்ன உண்டது என்று கேளுங்கள்.