பாலிடாயிலின் பூர்வீகம்

1/ நம்ம தஞ்சாவூர் பக்கம் வயல்ல அடிச்சா அது "மருந்து". அதையே யாராவது குடிச்சுட்டா "பாலிடாயில்". அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?

2/ 1936, ஜெர்மனி. கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடினார், கிடைத்தது டாபுன். மனுசனையே கொல்லும்னு தெரிஞ்சதும் ராணுவம் எடுத்துக்கிச்சு. 1938-ல் சரின்.

3/ அதே ஷ்ராடர் 1944-ல் உருவாக்கியது பாரத்தியான். ஃபாலிடால்ங்கிற பேர்ல இங்க வந்து, நம்ம வாயில பாலிடாயில் ஆச்சு. 1958-ல் கேரளாவில் இது கலந்த கோதுமை மாவால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகுதான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம்.

4/ எல்லாம் ஒரே குடும்பம்: ஆர்கனோபாஸ்பேட். நரம்போட பிரேக்கைப் பிடுங்கிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், நுரையீரல் நீரில் மூழ்கும். 1995-ல் டோக்கியோ ரயிலில் சரின் தாக்கினவங்களுக்குப் போட்ட அதே அட்ரோபினைத்தான் நாங்களும் இங்க போடுறோம்.

5/ பாரத்தியான் போயிடுச்சு. குளோர்பைரிபாஸ் மாதிரி அதோட சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்க.

6/ யாராவது குடிச்சுட்டா உப்புத்தண்ணி, சாணிக்கரைசல் கொடுக்காதீங்க. வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். மேல பட்ட துணியைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவுங்க. 108-ஐக் கூப்பிடுங்க, டப்பாவையும் கொண்டாங்க.

7/ கோபம் கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அதுவரைக்கும் டப்பா கைக்கு எட்டக்கூடாது. இன்னைக்கே பூட்டி வைங்க.