கிராங்க் கேஸ் விரிசல் (மொபெட்)

கிராங்க் கேஸ் விரிசல் என்பது மொபெட்டின் இன்ஜின் கூட்டில் ஏற்படும் பிளவு, உடைவு, துளை ஆகியவற்றைக் குறிக்கும். பிஸ்டன், ரிங், பேரிங் போன்றவை தேயத் தேய மாற்றப்படுபவை. கூடோ வண்டி இருக்கும்வரை இருக்கும் என்று கருதி வார்க்கப்படுவது. இன்ஜின் எண்ணும் அதன்மீதே பொறிக்கப்படுகிறது. ஆகவே கூட்டைப் பற்றவைப்பதா மாற்றுவதா என்பது பட்டறையோடு முடிவதில்லை. பதிவுச் சான்று வரை போகிறது. கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளியும் கல்வராயன் மலைச் சாலைகளும் அடுத்தடுத்து அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டம், இப்பழுது நேர்வதற்கான பல காரணங்கள் ஒருங்கே அமைந்த பகுதி.

வரலாறு

மிதிவண்டியில் மோட்டாரைப் பொருத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. சாமானியர் வாங்கக்கூடிய வண்டி கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். 1946இல் ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா, போரில் மிஞ்சிய ராணுவ வானொலிக் கருவிகளுக்கான சிறு மின்னாக்கி இன்ஜின்களை வாங்கி மிதிவண்டியில் பொருத்தி விற்றார். அதே ஆண்டு பிரான்சில் வெலோசோலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதன் இன்ஜின் முன்சக்கரத்துக்கு மேலே அமர்ந்து, ஓர் உருளையால் டயரை உராய்ந்து சுழற்றியது. இத்தாலியில் டுகாட்டி தயாரித்த 48 சிசி குச்சியோலோ இன்ஜினைச் சாதாரண மிதிவண்டியிலேயே மாட்டிக்கொள்ளலாம். இவற்றில் இன்ஜின் கூடு உடைந்தாலும் பெரும்பாலும் வண்டிக்குக் கேடில்லை. வழக்கம்போல மிதித்து வீடு சேரலாம். 1949இல் மோட்டோபெக்கான் நிறுவனத்தின் மோபிலெட் வந்தபோது இன்ஜின் சட்டத்தின் நடுவே, பெடலுக்கு அருகில் இறங்கியது. தெருக்கல்லின் அடி இன்ஜினில் படும் வாய்ப்பு இதனால் கூடியது.

மோட்டோபெக்கானின் தொழில்நுட்ப உதவியுடன் 1960களில் திருப்பதியின் மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் சுவேகாவைத் தயாரித்தது. 1972இல் கைனெடிக் இன்ஜினியரிங்கின் லூனா வந்தது. இத்தாலியின் பியாஜியோ சியாவோவைத் தழுவிய வண்டி அது. இவை பெரும்பாலும் ஒருவர் செல்வதற்கானவை.

1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன், 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50ஐ வெளியிட்டது. இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட் இதுவே. தமிழகக் கிராமப்புறத்தை மோட்டாரில் ஏற்றியதில் இந்த வண்டிக்கும் பங்குண்டு. பின்னிருக்கையில் ஆள் ஏறினார். விரைவில் ஆளுக்குப் பதில் பால் கேனும் தீவனக் கட்டும் மரவள்ளி மூட்டையும் ஏறின. டிவிஎஸ் 50இன் வழிவந்த எக்ஸ்எல் சூப்பரில் இன்ஜின் 69.9 சிசியாக வளர்ந்தது. 2015இல் வந்த எக்ஸ்எல் 100, 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொண்டது.

  

அமைப்பு

கூடு இரண்டு பாதிகளாக அலுமினியம்–சிலிக்கான் உலோகக் கலவையில் அழுத்த வார்ப்பு முறையில் செய்யப்படுகிறது. இரு பாதிகளும் நடுவே பேக்கிங் வைத்து போல்ட்டால் இணைக்கப்படும். கிராங்க் பேரிங்குகள் அமரும் குழிகள் இரண்டிலும் ஒரே நேர்கோட்டில் கடையப்பட்டிருக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கூடு வெறும் உறையன்று. பெட்ரோல், காற்று, 2டி ஆயில் கலவை முதலில் கூட்டுக்குள் உறிஞ்சப்பட்டு, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு, பிறகே சிலிண்டருக்குள் ஏறுகிறது. மயிரிழை விரிசல் வழியே வெளிக்காற்று நுழைந்தாலும் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, இன்ஜின் சூடேறிக் கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான்கு ஸ்ட்ரோக்கில் கூடு ஆயில் தொட்டியாகவும் இருப்பதால் பழுது கண்ணுக்குத் தெரியும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை படியும்.

வகைகள்

உடையும் இடத்தையும் காரணத்தையும் கொண்டு இவ்விரிசல்களை ஐந்தாகப் பிரிக்கலாம்.

1. காது உடைதல்: இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் துளையைச் சுற்றிய பகுதி முறிதல். மவுண்டிங் போல்ட் தளர்ந்த நிலையில் பாரத்துடன் ஓட்டுவதே முதன்மைக் காரணம்.

2. அடி விரிசல்: கல் அல்லது வேகத்தடை இடித்துக் கூட்டின் அடிப்புறம் பிளத்தல். மலைப்பாதைகளிலும் வண்டித்தடங்களிலும் இது நேர்கிறது.

3. செயின் வெட்டு: தளர்ந்த செயின் அறுந்து முன்பல்சக்கரத்தில் சுருண்டு, அருகிலுள்ள சுவரை உடைத்தல். செயினை ஒழுங்காக இறுக்கி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது இது.

4. மரை போதல்: ஆயில் வடியும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதால் மரை உரிந்து, துளையிலிருந்து விரிசல் கிளம்புதல்.

5. பேரிங் குழி விரிசல்: கிராங்க் பேரிங் உடைந்தோ கனெக்டிங் ராட் முறிந்தோ கூட்டை உள்ளிருந்து உடைத்தல். ஐந்திலும் கொடியது இதுவே.

கண்டறிதல்

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஐடிலில் நிற்காமல் தானாக வேகமெடுப்பதும், பிளக் வெளிறிப்போவதும், கூட்டில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி கோடாக ஒட்டுவதும் அறிகுறிகள். ஆயில் சீல் போனாலும் முதலிரண்டும் தோன்றும் என்பதால், இன்ஜினை இறக்கியே உறுதிசெய்ய வேண்டும். கூட்டைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். பிறகு துணியால் நன்கு துடைத்துச் சாக்பீஸ் பொடியைப் பூசினால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் பொடியில் ஊறி ஒரு கருங்கோடாக எழும். கோடு எங்கே முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்வது அடுத்த வேலைக்கு இன்றியமையாதது.

பற்றவைப்பு

எம்-சீல், அரால்டைட் போன்ற பசைகள் சந்தை நாள்வரை வண்டியை ஓட்ட உதவுமே தவிர, சூடும் அதிர்வும் தாங்கும் சீரமைப்பாகா.

முறையான வழி ஆர்கான் வெல்டிங். அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு ஏடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏடு உடையாமல் உள்ளே உலோகம் உருகினால் ஒட்டு பிடிக்காது. எனவே ஏசி மின்னோட்டத்தில் வெல்டிங் செய்கிறார்கள். மின்னோட்டத்தின் ஒரு பாதிச் சுழற்சி ஏட்டைக் கலைக்க, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளையிடுவர். விரிசல் மேலும் ஓடாமல் அங்கேயே நிற்கும். பிறகு கோடு நெடுக வாய்க்கால்போல் குடைந்தெடுத்து, கூட்டை 150 முதல் 200 டிகிரி வரை சூடேற்றுவர். பல ஆண்டுகள் ஊறிய எண்ணெய் அப்போதுதான் நுரைத்து வெளிவரும். துடைத்து மீண்டும் சூடேற்ற வேண்டும். 5 விழுக்காடு சிலிக்கான் கலந்த 4043 கம்பி வழக்கமாகப் பயன்படுகிறது. அழுத்த வார்ப்பில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் வெடித்து ஒட்டில் துளை விழுவது இவ்வேலையின் பெருந்தொல்லை. அத்துளையைக் குடைந்து மறுபடி நிரப்ப வேண்டும்.

வெப்பத்தால் கூடு கோணாதிருக்க இரு பாதிகளையும் சேர்த்து போல்ட் முடுக்கிய நிலையிலேயே வெல்டிங் நடக்கிறது. மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட்டபின், கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து, சேரும் முகத்தை அதன்மேல் வட்டமாகத் தேய்ப்பர். முகம் முழுவதும் ஒரே பளபளப்பாகத் தேயாமல் ஓரிடம் மங்கி நின்றால் அங்கே பள்ளம் என்று பொருள்.

மாற்றுதல்

பேரிங் குழியில் விரிசல் ஓடியிருந்தால் கூட்டை மாற்றுவதே நல்லது. மற்ற நான்கு வகைகளில், சேதம் பெரிதாக இல்லாவிட்டால், நல்ல கைப்பக்குவமுள்ள வெல்டரின் ஒட்டே பெரும்பாலும் போதுமானது.  ஒரு பாதியை மட்டும் மாற்றினால் பேரிங் குழிகள் நேர்கோட்டில் அமையாமல் போகக்கூடும் என்பதால் இணையாகவே மாற்ற வேண்டும். பழைய கூடுகள் காயலாங்கடைகளிலும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளிலும் கிடைக்கின்றன.

புதுக் கூட்டில் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைவதால், கூட்டை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் தானாகவே குழியில் இறங்கி அமரும்.

சட்டநிலை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122ஆம் விதி சேசிஸ் எண், இன்ஜின் எண் பொறிப்பைப் பற்றியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி இன்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. ஒப்புதலின்றி மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எண்ணுள்ள கூட்டை மாற்றும்போது பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் பொருந்தாமல் போகும். காயலாங்கடைக் கூட்டில் வேறொரு வண்டியின் எண் இருந்தால் திருட்டு வண்டி என்ற ஐயத்துக்கு இடமாகும். வாங்கும்போதே விற்பனை ரசீது பெறுவது நல்லது. எண் பொறித்த பகுதியை அரத்தால் தேய்ப்பதோ அதன்மேல் வெல்டிங் வைப்பதோ கூடாது.

இன்றைய நிலை

2020 ஏப்ரல் முதல் பாரத் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்ததால் புதிய மொபெட்டுகள் எரிபொருள் பீய்ச்சு முறைக்கு மாறிவிட்டன. 2024இல் மின்சார லூனா அறிமுகமானது. அதில் கிராங்க் கேஸ் இல்லை.