வெக்னர் எங்கே போனார்?

ஒரு வியாதிக்கு நம் பெயரை வைத்துவிட்டார்கள் என்றால் அதைவிட உறுதியான கல்வெட்டு கிடையாது. பார்க்கின்சனையும் அல்சைமரையும் யாரால் அசைக்க முடியும்? ஆனால் 2011-ல் ஒரு டாக்டரை அசைத்துவிட்டார்கள். அவர் பெயர் ஃப்ரீட்ரிஷ் வெக்னர். ஜெர்மன்காரர்.

முதலில் வியாதி. ‘வாஸ்குலைட்டிஸ்’ என்றால் ரத்தக்குழாய் அழற்சி. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, குழம்பிப் போய் சொந்த ரத்தக்குழாயின் சுவரையே அடிக்க ஆரம்பிக்கும். சுவர் வீங்கும், அடைக்கும், சில சமயம் வெடிக்கும். ரத்தக்குழாய் உடம்பில் எங்கேதான் போகவில்லை? அதனால் இந்த வியாதி எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டும். காலில் சிவப்புப் புள்ளிகளாக வரும். பாதம் திடீரென்று தொங்கிப் போகும். நெற்றிப்பொட்டில் இருக்கும் குழாயைத் தாக்கும் ரகம் ஒன்று உண்டு. வயதானவர்களுக்குத் தலைவலியாக ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையையே பறித்துவிடும்.

இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் குஸ்மாலும் மையரும். 1866, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம். 27 வயதுத் தையல்காரர் ஒருவர் காய்ச்சலும் கை கால் பலவீனமுமாக வந்து இறந்துபோனார். அறுத்துப் பார்த்தால், ரத்தக்குழாய்கள் நெடுக மணி கோத்தாற்போல முடிச்சு முடிச்சாக இருந்தது.

வெக்னர் வருவது அதற்கு எழுபது வருஷம் கழித்து. ப்ரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்) இறந்த உடல்களைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் டாக்டராக இருந்தார். மூன்று பேருடைய உடல்களில் ஒரே கதையைப் படித்தார். மூக்கில் ஆரம்பித்து, உள்ளே அரித்து, நுரையீரலுக்கு இறங்கி, கடைசியில் சிறுநீரகத்தை முடித்திருந்தது. மூக்குத் தண்டு கரைந்து குதிரைச் சேணம்போல நடுவில் பள்ளம் விழுந்துவிடும். 1936-ல் சுருக்கமாகவும் 1939-ல் விரிவாகவும் எழுதினார். ஸ்காட்லாந்தில் மெக்பிரைட் 1897-லும் ஜெர்மனியில் கிளிங்கர் 1931-லும் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஆனாலும் பெயர் வெக்னருக்குத்தான் போனது.

அந்தப் பெயர் நிலைத்ததில்தான் வேடிக்கை. 1954-ல் காட்மன், சர்க் என்ற இரண்டு டாக்டர்கள் நியூயார்க்கில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்து, இதுதான் வெக்னர் வியாதி என்று இலக்கணம் வகுத்தார்கள். இந்த ஜேக்கப் சர்க், 1936-ல் போலந்திலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த யூதர்.

அவர் கிளம்பி வந்த போலந்தில் வெக்னர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அப்போது வேறு கவலை. மருந்தில்லாத வியாதி அது. 1958-ல் வந்த ஒரு கணக்குப்படி, கண்டுபிடித்த ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் காலி. பாதிப் பேர் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. நிலைமையை மாற்றியவர் அமெரிக்காவின் அந்தோணி ஃபௌச்சி. ஆமாம், கொரோனா சமயத்தில் தினம் டி.வி.யில் வந்தாரே, அவரேதான். ஷெல்டன் உல்ஃபுடன் சேர்ந்து, ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தையும் கொடுத்துப் பார்த்தார். 1983-ல் 85 பேரின் விவரத்தை வெளியிட்டபோது, 93 சதவிகிதம் பேருக்கு வியாதி அடங்கியிருந்தது. அந்த மருந்தின் பூர்வீகம் கடுகு வாயு. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரிகள்மேல் வீசிய அதே சமாச்சாரத்தின் உறவுக்காரன்!

வெக்னருக்கு மரியாதைகள் குவிந்தன. 1989-ல் அமெரிக்க மார்பு மருத்துவர்கள் சங்கம் ஒரு பெரிய விருது கொடுத்தது. அடுத்த வருஷம் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

2000-வாக்கில் மேட்டசன், வோய்வோட் என்ற இரண்டு டாக்டர்கள் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கிளறினார்கள். பாராட்டி எழுதத்தான் ஆரம்பித்தார்கள், பாவம். கிடைத்த ஆவணங்கள் வேறு மாதிரி பேசின. வெக்னர் 1932-லேயே, அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்பே, பழுப்புச் சட்டைப் படையில் சேர்ந்தவர். 1933-ல் நாஜிக் கட்சி உறுப்பினர். நிர்ப்பந்தத்தில் சேர்ந்தார் என்று சால்ஜாப்பு சொல்லவும் வழியில்லை. போரின்போது போலந்தின் லோட்ஸ் நகரில் வேலை. அங்கேதான் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஒரு பேட்டைக்குள் அடைத்துப் பட்டினி போட்டார்கள். வெக்னரின் அலுவலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். போருக்குப் பின் போலந்து அதிகாரிகள் தேடிய ஆட்களில் அவரும் ஒருவர்.

கொடுமைகளில் அவர் நேரடியாகக் கை வைத்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்திருப்பார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. விருது கொடுத்த சங்கம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், மதிப்புப் போன ‘குட்வில்’லைக் கணக்கிலிருந்து தள்ளினார்கள். 2011-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ சங்கங்கள் கூடி ‘கிரானுலோமடோசிஸ் வித் பாலியாஞ்சைட்டிஸ்’ என்று புதுப் பெயர் வைத்தன. வாயில் நுழையாது. ஜி.பி.ஏ. என்றால் போதும்.

இன்னொன்றும் நடந்தது. ஜேக்கப் சர்க் 1951-ல் லோட்டே ஸ்ட்ராஸ் என்ற பெண் டாக்டரோடு சேர்ந்து வேறொரு வாஸ்குலைட்டிஸைக் கண்டுபிடித்திருந்தார். ஆஸ்துமாவோடு வரும் ரகம். அந்த அம்மாள் நியூரெம்பெர்க்கில் பிறந்து, நாஜிகளிடம் சிக்காமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த யூதர். அதற்கு ‘சர்க்-ஸ்ட்ராஸ்’ என்று பெயர். ஆட்களின் பெயரைக் குறைத்து, வியாதியின் தன்மையைச் சொல்லும் பெயராக வைப்போம் என்று 2012-ல் ஒரு புதுப் பட்டியல் வந்தது. தகாயாசு தப்பித்தார், கவாசாகி தப்பித்தார். வெக்னரோடு சேர்த்து சர்க்கையும் ஸ்ட்ராஸையும் எடுத்துவிட்டார்கள்.