தீவாந்தரமும் கிரகாந்தரமும்

'தீவாந்தர சிட்சை' என்ற சொல் இன்று பழைய நாவல்களில்தான் கிடைக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 1956 ஜனவரி முதல் தேதியோடு ஆயுள் சிறையாகிவிட்டது. சொல் போனதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அச்சொல்லுக்குள் இருந்த கற்பனை, அதாவது ஒருவனைத் தண்டிக்கச் சுவர் வேண்டாம், தூரம் போதும் என்பது, அதே காலத்தில் அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளில் புதுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தீவுக்குப் பதில் கிரகம். கப்பலுக்குப் பதில் ராக்கெட். காஃப்காவின் தண்டனைக் குடியேற்றக் கதையை இலக்கியம் என்றும், இவற்றை நடைபாதைக் கடைச் சரக்கு என்றும் நம் வட்டத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான். இப்போது முடியவில்லை.

காஃப்காவின் தீவுக்கு ஒரு பிரயாணி வருகிறான், பார்க்கிறான், படகேறிப் போய்விடுகிறான். விண்வெளிச் சிறைகளுக்குப் பார்க்க யாரும் வருவதில்லை. வந்தாலும் காலம் கடந்து வருகிறார்கள். இந்த வித்தியாசம் கதைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. சரித்திரத்திலிருந்து எடுத்தது.

1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவியதும் இங்கிலாந்துக்குத் தன் குற்றவாளிகளை அனுப்ப இடமில்லாமல் போயிற்று. தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நிறுத்தி அவற்றில் அடைத்துப் பார்த்தார்கள். பிறகு 1787 மே மாதம் 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. போய்ச் சேர எட்டு மாதம். 1868 வரை சுமார் 1,60,000 பேர் அந்த வழியே போனார்கள். பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்துக்கு ஏழாண்டுத் தண்டனை பெற்றவர்கள். ஏழாண்டு முடியும், ஆனால் ஊர் திரும்பும் கப்பல் கூலி கைதியின் பொறுப்பு. சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஆயுள் தண்டனை அந்தக் கூலியில் இருந்தது.

இதை எதிர்த்தவர்களில் ஜெரமி பெந்தமும் ஒருவர் என்பது வேடிக்கை. கைதி ஒவ்வொருவனும் எந்நேரமும் பார்க்கப்படக்கூடிய வட்டச் சிறையைத் திட்டமிட்டவர் அவர். 1802இல் தன் சிறையையும் நியூ சவுத் வேல்ஸையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடினார். கண்ணுக்கு எட்டாத தண்டனை யாருக்கும் பாடமாகாது என்பது அவர் கட்சி. (தன் சிறையைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடத்தவும் விரும்பியவர் என்பதை மறக்க வேண்டாம்.) அதே 1802இல்தான் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் பாளையக்காரர் போரில் பிடிபட்ட மற்றவர்களும் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஃபூக்கோவின் 1975ஆம் வருஷத்துப் புத்தகத்துக்குப் பின் நாம் பெந்தமின் கண்ணைப் பற்றியே பேசுகிறோம். பெந்தம் எதிர்த்த அந்தக் கண்ணில்லாத சிறை நம் பேச்சில் அடிபடவே இல்லை.

பெந்தம் எழுதியபோது இன்னும் தெளிவாகாத விஷயம் ஒன்று உண்டு. அத்தண்டனை பாடமாகாவிட்டாலும் லாபமாகும். கைதிகளைக் குடியேறிகளின் பண்ணைகளில் வேலைக்கு ஒப்படைத்தார்கள். அவர்கள் மேய்த்த ஆடுகளின் கம்பளி பின்னாளில் யார்க்‌ஷயர் ஆலைகளுக்கு வந்து குவிந்தது. ஆள் திரும்பவில்லை, சரக்கு திரும்பியது.

இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சரியாகப் படித்தவர் ராபர்ட் ஹைன்லைன். 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966) நாவலில் சந்திரன் ஒரு கைதிக் குடியேற்றம். அங்கே காவல் அதிகம் வேண்டியதில்லை. குறைந்த ஈர்ப்பில் சில காலம் வாழ்ந்த உடல் பூமியின் கனத்தைத் தாங்காது. பழைய கப்பல் கூலி இங்கே எலும்பிலும் தசையிலும் எழுதப்பட்டுவிடுகிறது. கைதிகளும் அவர்கள் சந்ததியும் சுரங்கங்களில் கோதுமை விளைவித்துப் பூமிக்கு எறிகிறார்கள். அது வந்து விழுவது பம்பாய்க் கடலில். நாவல் தொடராக வந்த 1965-66இல் இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பசியை அவர் 2075 வரை நீட்டிவிட்டார். அவர் கணக்கில், கைதியின் தண்ணீரையும் உழைப்பையும் உண்பவர்கள் நாம். இதை வாசித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஹைன்லைனுக்குப் புரட்சியின் சாமர்த்தியத்தில்தான் ருசி. முதல் தலைமுறைக் கைதியின் முதல் இரவில் அவர் நிற்பதில்லை.

அந்த இரவில் நின்றவர் கார்ட்வெயினர் ஸ்மித். உளவியல் யுத்தத்தில் நிபுணரான பால் லைன்பார்கர் என்ற பேராசிரியரின் புனைபெயர் இது. 'எ பிளானட் நேம்ட் ஷேயால்' (1961) கதையில் மெர்சர் என்பவன் ஷேயால் கிரகத்தில் இறக்கப்படுகிறான். அங்குள்ள நுண்ணுயிர்கள் கைதிகளைச் சாகவிடுவதில்லை. உடலில் அதிகப்படியாக ஒரு கை, ஒரு மூக்கு, ஒரு தலை என்று முளைக்கின்றன. மாட்டிலிருந்து மனித உருவாக்கப்பட்ட காவலாள் ஒருவன் அவற்றை வெட்டியெடுத்து நோயாளிகளுக்காக வெளியே அனுப்புகிறான். வலிக்கு மருந்தும் போடுகிறான். கம்பளி, கோதுமை, இப்போது உறுப்பு. குழந்தைகளும் கைதிகளாக வந்திறங்கும்போதுதான் அந்தக் காவலாள் மேலிடத்துக்குச் சேதி அனுப்புகிறான். மனிதர்களுக்குத் தோன்றாதது மாட்டுக்குத் தோன்றுகிறது. வந்து பார்க்கும் பிரபுக்கள் தங்களுக்கு இது தெரியாது என்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்றுகூடக் கதை சொல்வதில்லை.

எங்கள் வங்கியில் வாராக் கடனைத் தள்ளுபடி செய்வதுண்டு. வெளியிலிருப்பவர்கள் அதை மன்னிப்பு என்று நினைக்கிறார்கள். கணக்கிலிருந்துதான் ஆள் போகிறான், வசூல் நிற்பதில்லை. அந்தப் பதிவுகளைப் போடும் நாட்களில் எனக்கு ஷேயால் நினைவுக்கு வராமலிருப்பதில்லை.

ராபர்ட் சில்வர்பெர்க்கின் 'ஹாக்ஸ்பில் ஸ்டேஷன்' (1967) இந்த வரிசையில் கடைசி; என் அபிப்பிராயத்தில் சிறந்ததும் அதுதான். இங்கே சரக்கும் திரும்புவதில்லை. கொல்ல மனமில்லாத ஓர் அரசாங்கம் தன் அரசியல் எதிரிகளைக் காலத்தில் பின்னோக்கி, நிலத்தில் உயிரே தோன்றாத கேம்ப்ரியன் யுகத்துக்கு அனுப்புகிறது. ஒருவழிப் பாதை. பெண்களை வேறொரு யுகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவன் மண்ணில் பெண் செய்ய முயல்கிறான். மற்றவர்கள் எப்போதோ தோற்றுப்போன புரட்சியின் சித்தாந்தத்தைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். (நம் சிறுபத்திரிகைச் சண்டைகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) பாறை விழுந்து கால் நசுங்கிய பேரட் அவர்களுக்கு ராஜா மாதிரி.

கடைசியில் புதிதாக வந்திறங்கும் ஒருவன் மூலம் செய்தி தெரிகிறது. அரசு கவிழ்ந்துவிட்டது, திரும்பும் வழியும் கண்டுபிடித்தாயிற்று, எல்லோரும் வரலாம். நசுங்கிய காலுக்கும் அங்கே வைத்தியம் இருக்கும். பேரட் தான் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறான்.